ஒன்றில் இறக்கம், இரண்டில் ஏற்றம்

டிப்பரக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். கல் குவாரியில் ஒன்பது வருடம் டிப்பர் லாரி ஓட்டியவள். அவள் கியர் மாற்றினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையிலிருக்கும் டீகூடத் தளும்பாது என்பார்கள். பத்தாவது வருடம் தொடங்கிய வாரம், லாரியின் பின்கதவுக் கொக்கி தெறித்து, அந்த இரும்புக் கதவு வீசிக்கொண்டு வந்து, பின்னால் நின்றிருந்த அவளுடைய இடது முழங்காலில் மோதியது. மூன்று முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். கடைசியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நடக்கலாம். மெதுவா மாடிகூட ஏறலாம். கிளட்ச் மட்டும் மறந்துடுங்கம்மா."

டாக்டர் முன்னால் தலையாட்டினாள். வராந்தா பெஞ்சுக்கு வந்ததும் அழுது தீர்த்தாள்.

வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவள் கணவன்தான் அந்த ஆட்டோமேட்டிக் பிக்கப்பைக் கண்டுபிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பழைய வண்டி, கதவில் இரண்டு ஒடுக்கு, ஆனால் என்ஜின் சுத்தமாக இருந்தது. "கிளட்சே இல்ல, வலது கால் மட்டும் போதும்" என்றான். விற்றவரோ ஒரே நிமிடத்தில் பாடம் முடித்துவிட்டார். "லீவரை டி-ல போடுங்க. அப்புறம் அதை மறந்துடுங்க. இந்தப் பக்கம் எம்-னு ஒன்னு இருக்கு, பிளஸ் மைனஸ் போட்டிருக்கும், நாமளே கியர் மாத்திக்கிறதுக்கு. அதெல்லாம் யாரும் தொடுறதே இல்ல."

மறந்துடுங்க, மறந்துடுங்க. அவளிடம் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

கட்டில், பீரோ, சிமென்ட், செங்கல் என்று கிடைத்த லோடையெல்லாம் ஏற்றினாள். குடும்பம் ஓடியது. ஆனால் ஸ்டியரிங் முன்னால் உட்காரும்போதெல்லாம் ஏதோ விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. "நான் எங்க ஓட்டுறேன், அது ஓட்டுது, நான் கூடப் போறேன்" என்று கணவனிடம் சொல்வாள். சிக்னலில் நிற்கும்போது இடது கால் தானாக எழுந்து வெறும் தரையை மிதிக்கும். மிதித்த பிறகுதான் நினைவு வரும்.

ஒருநாள் செங்கல் லோடோடு மேம்பாலம் ஏறும்போது வண்டி தடுமாறியது. மூன்றாம் கியரா நான்காம் கியரா என்று அதற்கே புரியவில்லை. நாலுக்குப் போய்ச் சோர்ந்தது, மூன்றுக்கு வந்து உறுமியது, மறுபடி நாலுக்குப் போனது. பாதிப் பாலம் வரை பொறுத்துப் பார்த்தவள், "அடச்சே, ஒரு முடிவுக்கு வாயேன்!" என்று வண்டியைத் திட்டிக்கொண்டே லீவரை எம் பக்கம் தள்ளி மைனஸில் ஒரு தட்டுத் தட்டினாள். டேஷ்போர்டில் '3' என்று ஒரு எண் வந்து நின்றது. என்ஜின் ஒரே குரலில் பாலத்தின் உச்சி வரை இழுத்துக்கொண்டு போனது.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த ஒரு மாதம் அதுதான் அவளுக்கு வேலை. லோடு இறக்கிவிட்டு வரும் வழியிலெல்லாம் எம்-இல் போட்டு வண்டியோடு பழகினாள். எந்த வேகத்தில் எந்த கியருக்கு இறங்கச் சம்மதிக்கும், எப்போது 'பீப்' என்று கத்தி மாட்டேன் என்று சொல்லும், நின்ற இடத்திலிருந்தே இரண்டாம் கியரில் கிளம்புமா, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் என்ஜினே எவ்வளவு தூரம் பிடித்துக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கிளட்ச் வேலையை வண்டி பார்த்துக்கொண்டது. எந்த கியர், எப்போது என்பதை அவள் பார்த்துக்கொண்டாள். இதில் யார் யாருக்குக் கீழே என்ற சண்டை அதோடு தீர்ந்தது.

அவளுடைய நாத்தனார் தேனீ வளர்த்தாள். கணவனின் தங்கை. எல்லோருக்கும் தேன்காரி. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். மலை மேலே ஒரு பழத்தோட்டத்தில் முப்பத்திரண்டு பெட்டி வைத்திருந்தாள். பூக்காலம் முடிந்துவிட்டது. தோட்டக்காரர் மரங்களுக்குப் பூச்சிமருந்து அடிக்க நாள் குறித்துவிட்டார். அந்த நாள் காலைக்குள் பெட்டிகளை இறக்கிவிட வேண்டும். கீழே சமவெளியில் ஒரு சூரியகாந்தி வயல்காரர் இடம் கொடுத்திருந்தார். இரண்டு நாள் முன்பே வருவதாகச் சொன்ன லாரிக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்.

"அண்ணி, நாளைக்கு எட்டு மணிக்கு அங்க மருந்து அடிக்கப் போறாங்க" என்று போனில் அழாத குறையாகச் சொன்னாள் தேன்காரி. "உங்க வண்டி வருமா?"

"வண்டி என்ன வண்டி, நான் வரேன்" என்றாள் டிப்பரக்கா.

மறுநாள் விடியற்காலை, தேனீக்கள் வெளியே கிளம்புவதற்கு முன், இருவரும் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு பெட்டிகளின் வாசல்களைக் கம்பி வலையால் அடைத்தார்கள். மேல்மூடிகளை எடுத்துவிட்டுக் காற்றோட்டத்துக்கு அங்கேயும் வலை போட்டார்கள். பெட்டிகளை நெருக்கி அடுக்கிப் பட்டையால் இறுக்கிக் கட்டினார்கள். முக்கால் டன் எடை. அந்தப் பெட்டிகளுக்குள்ளிருந்து வந்த ரீங்காரம் வண்டியின் தகரம் வழியாக சீட்டு வரை அதிர்ந்தது.

ஆறரை மணிக்குக் கிளம்பினார்கள். டிப்பரக்கா மூன்றில் போட்டு, பிரேக்கை அவ்வப்போது தொட்டுக்கொண்டு, வளைவு வளைவாக இறங்கினாள். ஏழாவது வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. இரவு பாறை சரிந்து ரோட்டில் பாதியை அடைத்திருந்தது. மீதிப் பாதியில் மண். சிவப்புக் கொடியோடு நின்ற சாலைப் பணியாளர், "மெஷின் கீழேருந்து வரணும். பன்னிரண்டு, ஒன்னு ஆயிடும்" என்றார்.

வரிசையின் தலையில் காய்கறி ஏற்றிய லாரி நின்றது. அதன் டிரைவர் டிப்பரக்காவோடு குவாரியில் ஓட்டியவர். காரணமே இல்லாமல் ஹாரன் அடிக்கிற பழக்கத்தால் ஹாரன் என்றே பெயர் வாங்கியவர். "என்ன தங்கச்சி, பொம்மை வண்டியில தேனீ ஊர்வலமா?" என்று சிரித்தார். அவர் அந்த வண்டியை எப்போதும் அப்படித்தான் சொல்வார். பகையில்லை, பழக்கம்.

ஏழரைக்கு வெயில் மலையின் இந்தப் பக்கம் வந்துவிட்டது. தேன்காரி பின்னால் ஏறி ஒவ்வொரு பெட்டியிலும் காது வைத்துக் கேட்டாள். தண்ணீர் தெளித்தாள். இறங்கி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"சத்தம் மாறுது அண்ணி. வண்டி ஓடிக்கிட்டிருந்தா காத்து போகும். இப்படி நின்னா உள்ள கொதிச்சுப் போயிடும். தேனடை உருகும். அப்புறம் ஒன்னும் மிஞ்சாது."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒன்பது, ஒன்பதரை. அதுக்கு மேல சொல்ல முடியாது."

"இங்கயே திறந்துவிட்டா?"

"இத்தனை ஜனத்துக்கு நடுவுலயா? கொட்டித் தீர்த்துடும். வெளிய போறது எதுவும் பெட்டிக்குத் திரும்பாது. மேல போகலாம்னா, இன்னும் அரை மணி நேரத்துல அங்க விஷம்."

டிப்பரக்கா வண்டியிலிருந்து இறங்கி நாலு எட்டு நடந்தாள். இடது பக்கம், ஏழாவது வளைவுக்குச் சற்று முன்னால், ஒரு கரடுமுரடான பாதை கீழே பிரிந்து போனது. பழைய குவாரிப் பாதை. குவாரி வேறு பக்கம் நகர்ந்து இரண்டு வருடமாகிறது. அவளுக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். குவாரிக் குழியின் அடி வரை செங்குத்தாக இறங்கி, அங்கிருந்து ஒரு குட்டை ஏற்றம் ஏறினால் லாரிகளை நிறுக்கும் எடைமேடை. எடைமேடையைத் தாண்டினால் பாறை விழுந்த இடத்துக்குக் கீழே மெயின் ரோடு.

அவள் எங்கே பார்க்கிறாள் என்பதை ஹாரன் கவனித்துவிட்டார். சிரிப்பு நின்றது.

"வேணாம் தங்கச்சி. அந்த இறக்கம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்னாம் கியர்ல போட்டுட்டு என்ஜினைப் பிடிக்கவிட்டு இறங்கணும். இது ஆட்டோமேட்டிக். டி-ல போட்டா அது பாட்டுக்கு மேல மேல மாத்திக்கிட்டுப் போகும். நீ பிரேக்கை அமுக்கிக்கிட்டே இருக்கணும். பாதி வழியில பிரேக் வெந்து போச்சுன்னா என்ன பண்ணுவ? இதுல ஒன்னாம் கியர் எங்க இருக்கு?"

"இருக்குண்ணே" என்றாள். "ஒன்னும் இருக்கு, ரெண்டும் இருக்கு. நான்தான் இத்தனை நாள் பார்க்கல."

பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீ நடந்து இறங்கு. கீழ வந்து ஏத்திக்கிறேன்."

தேன்காரி முன்கதவைத் திறந்து உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "என் புள்ளைங்க பின்னாடி இருக்கு. நான் எதுக்கு நடக்கணும்? கிளம்புங்க."

பாதையின் தொடக்கத்தில் டிப்பரக்கா வண்டியை முழுசாக நிறுத்தினாள். லீவரை எம்-இல் தள்ளினாள். '1' என்று வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

வண்டி மூக்கைக் கவிழ்த்தது. முன்கண்ணாடி முழுக்க வானம் போய்ப் பாறையும் பள்ளமும் வந்தன. தேன்காரி மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்ஜின் சத்தம் ஏறியது, ஏறியது, ஒரு இடத்தில் வந்து நின்றது. வண்டி வேகமாக நடக்கிற ஆளின் வேகத்துக்கு மேல் போகவில்லை. சக்கரத்துக்கு அடியில் கல் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன அண்ணி இது, என்ஜின் இந்தக் கத்து கத்துது! வெடிச்சுடாதே?"

"கத்தட்டும். அது கத்துற வரைக்கும் நம்மளப் பிடிச்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அமைதியானாதான் நாம கத்தணும்."

முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம். செங்குத்து அதிகமான இடத்தில் மட்டும் பிரேக்கை ஒரு தடவை அழுத்தமாகத் தொட்டு விட்டாள். அழுத்திக்கொண்டே இருக்கவில்லை. நடுவில் சமமாக ஒரு நீளம் வந்தது. அங்கே இரண்டாம் கியருக்கு ஏற்றினாள், என்ஜினுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கலாம் என்று. அதுதான் தப்பாகிவிட்டது. சமதரை முடிகிற இடத்தில், அவள் ஞாபகத்தில் சாய்வாக இருந்த பாதையை இரண்டு மழைக்காலம் அரித்துப் படியாக்கியிருந்தது. வண்டி குதித்து இறங்கி வேகமெடுத்தது. மைனஸைத் தட்டினாள்.

பீப்.

'2' மாறவில்லை. எதிரே திருப்பம் வந்துகொண்டிருந்தது. திருப்பத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை, காற்று மட்டும்தான். தேன்காரி "அண்ணி" என்றாள், மிக மெல்லிய குரலில்.

அந்த 'பீப்' என்ன சொல்கிறது என்று டிப்பரக்காவுக்குத் தெரியும். இந்த வேகத்தில் ஒன்றுக்கு இறக்கினால் என்ஜின் தாங்காது, வேகத்தைக் குறைத்துக்கொண்டு கேள் என்கிறது. ஒரு மாதமாக அவள் அந்தக் குரலோடு பேசிப் பழகியிருந்தாள். பிரேக்கை ஒரே சீராக, ஆழமாக அழுத்தினாள். அத்தனை நேரம் சும்மா வைத்திருந்த பிரேக், சூடேறாத பிரேக், சொன்ன பேச்சைக் கேட்டது. வேகம் காட்டும் முள் இறங்கியது. மறுபடி தட்டினாள். '1'. பின்சக்கரங்கள் ஒரு நொடி சறுக்கிவிட்டு, மேலிருந்த முக்கால் டன் எடையில் தரையைக் கவ்வின. வண்டி திருப்பத்துக்குள் நடந்தே போனது.

"இப்ப மூச்சு விடலாமா?" என்றாள் தேன்காரி.

"ம்ம், விடு."

குழியின் அடியில் வந்து நின்றபோது மணி எட்டு ஐந்து. தலைக்கு மேலே, ஏழாவது வளைவின் ஓரத்தில், வரிசையாகத் தலைகள் தெரிந்தன. எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி ஏற்றம். எண்பது அடி நீளம் இருக்கும். உதிரிக் கல், செங்குத்து.

அதே ஒன்றிலேயே கிளம்பினாள். பாதி தூரம் ஏறியதும் பின்சக்கரங்கள் கிறுகிறுவென்று சுழன்று கல்லை வாரி இறைத்தன. டேஷ்போர்டில் சறுக்கல் விளக்கு கண்ணைச் சிமிட்டியது. வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது, பிறகு பின்னால் நழுவ ஆரம்பித்தது. அவள் பதறவில்லை. பிரேக்கில் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராக அடிக்கு இறங்கினாள்.

மேலேயிருந்து யாரோ எதையோ கத்தினார்கள். காதில் விழவில்லை.

"போச்சா அண்ணி?"

"எதுவும் போகல. ஒன்னுல இழுவை ரொம்ப அதிகம். இந்தக் கல்லுல சக்கரம் சுத்திடுது. நீ பெட்டிக்குத் தண்ணி தெளி. ரெண்டு நிமிஷம்."

தேன்காரி மேலே ஏறித் தெளித்தாள். கட்டு நெகிழ்ந்த ஒரு பெட்டியின் இடுக்கிலிருந்து வெளியே வந்த ஒரு தேனீ அவளுடைய முகவாயில் கொட்டியது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். டிப்பரக்கா நொண்டி நொண்டி நடந்துபோய் ஏற்றத்தின் தடத்தைப் பார்த்தாள். இரண்டு பெரிய கற்களைக் காலால் தள்ளிவிட்டாள். டிப்பரில் இங்கே எந்தப் பக்கம் ஒட்டிப் போவோம் என்று யோசித்தாள். வலது பக்கம், பாறையை உரசுகிற மாதிரி. அங்கே தரை கெட்டி.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். நின்ற இடத்தில் மறுபடி எம்-இல் போட்டுப் பிளஸைத் தட்டினாள். '2'.

முட்டைமேல் மிதிப்பதுபோல ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். வண்டி தயங்கித்தான் கிளம்பியது. பாதியில் மேல் கியருக்குத் தாவிவிடுமோ, கீழ் கியருக்கு விழுந்துவிடுமோ என்ற பயம் இல்லை. இரண்டு என்றால் இரண்டுதான், அவள் சொல்கிற வரை. என்ஜின் கனத்த குரலில் முக்கிக்கொண்டே ஏறியது. சக்கரம் வழுக்கிய இடம் வந்தது. வலது பக்கம் ஒட்டினாள். பக்கக் கண்ணாடி பாறையில் உரசி மடங்கியது. காலை எடுக்கவில்லை, அழுத்தவுமில்லை. கல் நொறுங்கியது, வண்டி ஒருமுறை உதறியது, பிறகு மூக்கு மேலே எழுந்து எழுந்து, சட்டென்று சமமானது. எதிரே எடைமேடையின் துருப்பிடித்த பலகை.

"ஏறிட்டோம்!" தேன்காரி டேஷ்போர்டைக் கையால் குத்தினாள். "ஏறிட்டோம் அண்ணி! அடேயப்பா! அடேயப்பா!"

டிப்பரக்காவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. மெயின் ரோட்டில் ஏறி மூன்று, நான்கு என்று வரிசையாகத் தட்டினாள். காற்று பெட்டிகளுக்குள் புகுந்தது. மேலே மலை வளைவிலிருந்து ஒரு லாரி ஹாரன் விட்டு விட்டு, விட்டு விட்டு ஒலித்தது.

எட்டு ஐம்பதுக்கு வயலில் இருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள். வயல்காரரும் அவருடைய மனைவியும் ஓடிவந்து பெட்டிகளை இறக்க உதவினார்கள். தேன்காரி வரப்போரமாக வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாக வலையைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க விரலை மடக்கி எண்ணினாள். முதலில் இரண்டு மூன்று தேனீக்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தன. பிறகு புகை எழும்புவதுபோல் எழும்பின. கடைசிப் பெட்டியைத் திறந்து, காது வைத்து, அடைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவள் நிமிர்ந்தபோது முகவாய் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"முப்பத்திரண்டும் உயிரோட இருக்கு" என்றாள். "முப்பத்திரண்டும்!"

மத்தியானம் இரண்டு மணிக்கு ஹாரன் அந்த வழியாக வந்தார். பாதையைத் திறந்துவிட்டிருந்தார்கள். லாரியை ஓரம் கட்டிவிட்டு வயலுக்குள் நடந்து வந்து, பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து சக்கரத்துப் பக்கம் கையை நீட்டிப் பிரேக்கில் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். அத்தனை நேரம் கழித்து எங்கே இருக்கும்? இருந்தும் பார்த்தார்.

"எதுல இறங்கின?" என்று கேட்டார். குவாரியில் மழை நாளில் ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் கேட்பாரே, அதே குரல்.

"ஒன்னுல."

"ஏத்தம்?"

"ஒன்னுல போய்ப் பார்த்தேன், சுத்திடுச்சு. அப்புறம் ரெண்டுல எடுத்தேன்."

ஹாரன் தலையை ஆட்டிக்கொண்டார். "ரெண்டுதான் சரி. நானா இருந்தாலும் ரெண்டுதான்" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "அந்த எம்-ஐ ஒரு தடவை எனக்குக் காட்டு பார்க்கலாம்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவள் கதவோரம் நின்று காட்டினாள். அவர் லீவரைத் தள்ளினார், தட்டினார், எண் மாறுவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி தட்டினார்.

அந்தப் பக்கம் தேன்காரி மர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து போனில் இருந்தாள். முதல் அழைப்பு அண்ணனுக்கு. "அண்ணா, உன் பொண்டாட்டி இன்னிக்கு என்ன பண்ணினாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அதில் ஏற்றம் நூறு அடி இருந்தது. இரண்டாவது அழைப்பு அவளுடைய சித்திக்கு. அதில் இருநூறு அடி. மூன்றாவது யாருக்கோ தெரியவில்லை, அதற்குள் ஏற்றம் அரை மைல் நீண்டு சுவர் மாதிரி எழும்பி நின்றது, வண்டியும் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கத்தான் வந்து சேர்ந்தது.

எண்பது அடிதான் என்று திருத்தலாமா என்று டிப்பரக்கா ஒரு கணம் நினைத்தாள். பிறகு வண்டியின் பின்பலகையை இறக்கிவிட்டு, அதன்மேல் சௌகரியமாக ஏறி உட்கார்ந்து, நாலாவது அழைப்பு யாருக்கு என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.